பறக்கும் பொறியும் இறப்பர்த் துண்டும்

வெள்ளவத்தையில் காலி வீதியை அண்டி வாழ்வோர்க்கு ஒரு சங்கீதம் நன்கு பழக்கமானது. தரிப்பிடத்தில் பஸ் வண்டி ஒன்று வந்து நின்று, இயந்திரத்தை நிறுத்தாமலே ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, வீட்டுச் சாளரக் கண்ணாடிகள் கிடுகிடுவென நடுங்கத் தொடங்கும். அலுமாரியில் அடுக்கியுள்ள தேநீர்க் கோப்பைகளும் கூடவே பின்பாட்டுப் பாடும். வண்டி புறப்பட்டு, இயந்திரம் உரத்து முழங்கியதும் கண்ணாடிகள் வாயடைத்துவிடும். ஓசை பெருகியபோது நடுக்கம் ஏன் ஒடுங்கியது? பல்லாண்டுகளாக இதனைக் கேட்டுவந்த நாம், அண்மையில் ஒரு நாள் வரை இதனை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தோமில்லை.

அன்று எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து தம் தாயாருடன் வந்திருந்தார். கையில் ஒரு கடதாசிப் பை. அதனுள் இருந்தவற்றை எமது மேசை மீது பரப்பினார். இருபுறமும் இரும்புத் தகடு ஒட்டிய கறுப்பு இறப்பர்த் துண்டுகள் எட்டு. நான்கு பெரியவை, நான்கு சிறியவை. "பஞ்சிகாவத்தையில் வாங்கினேன், சேர். பெரியது லொறி எஞ்சினுக்குப் போடும் மவுண்டிங். சிறியது முச்சக்கர வண்டிக்குரியது. இரண்டில் எதனைப் போடலாம்?" என்றார்.

"எதற்குப் போட, தம்பி?"

"விமானத்திற்கு, சேர்."

இருவர் அமரத்தக்க சிறு விமானம் ஒன்றினை நண்பர்களுடன் சேர்ந்து தாமே கட்டிவருகிறாராம். உடற்சட்டம் ஆயத்தமாகிவிட்டது, இயந்திரத்தைப் பூட்டும் கட்டம் வந்துள்ளது. தாயார் ஒரு சொல்லும் பேசாதிருந்து, இறுதியில், "சேர், பறக்க வேண்டாமென்று சொல்லி நான் தோற்றுவிட்டேன். பறக்கிறதென்றால் விழாமல் பறக்கட்டும். இந்த இறப்பரில் எது நல்லதென்று நீங்களாவது சொல்லுங்கள்," என்றார். எட்டு இறப்பர்த் துண்டுகளுக்கும் ஒரு தாயின் நித்திரைக்கும் இடையே இவ்வளவு உறவு உண்டென்பதை அன்றுதான் உணர்ந்தோம். பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு, அவ்வம்மையாருக்கு விளங்கும் மொழியில் விடை கூறவேண்டிய கடமை நேர்ந்தது. அந்த விடையையே வாசகர்களுக்கும் இங்கே தருகின்றோம்.

நடுக்கத்தின் பிறப்பிடம்

இயந்திரம் என்பது சிறு சிறு வெடிகளை ஒழுங்காக வெடிக்கச் செய்யும் ஒரு பெட்டியே. நான்கு உருளைகள் உள்ள நாலடிப்பு இயந்திரமொன்றில், தண்டு ஒரு முறை சுழலுவதற்குள் இரு வெடிகள் நிகழ்கின்றன. தண்டு நிமிடத்திற்கு 2,400 முறை சுழன்றால், செக்கனுக்கு 80 வெடிகள். இவற்றோடு ஆடுதண்டுகள் மேலுங்கீழும் பாய்கின்றன. விசிறியின் இரு அலகுகளும் நிறையில் எள்ளளவு வேறுபட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக இழுக்கின்றன. ஆக, இயந்திரம் மேலுங்கீழும், இடவலமாகவும், முன்பின்னாகவும் அசைகிறது. அம்மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு முறுகவும் செய்கிறது. ஆறு வகை ஆட்டங்கள் ஒரே வேளையில்!

இவ்வாட்டம் தடையின்றி விமானத்தின் உடலுக்குள் இறங்கினால் என்னவாகும்? ஓட்டுபவரின் கைகால்கள் மரத்துப்போகும், கருவிகளின் முட்கள் நடுங்கும், ஆணிகள் தளரும், பற்றவைத்த குழாய்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி, நாளடைவில் வளரும். விமானத்தின் வரலாறே இந்த நடுக்கத்தோடுதான் தொடங்குகிறது. 1903ஆம் ஆண்டு நவம்பரில், கிற்றி ஹோக் மணற்பரப்பில் ரைட் சகோதரர்கள் தம் பொறியை ஓட்டிப் பார்த்தபோது, இயந்திரத்தின் சீரற்ற துடிப்பினால் விசிறித் தண்டுகள் பழுதடைந்தன, பற்சில்லுகள் கழன்றன. பற்சில்லுகளைச் சைக்கிள் ரயர் ஒட்டும் பசையினால் ஒட்டினார்கள். தண்டொன்றில் மீண்டும் வெடிப்புக் காணவே, ஓர்வில் ரைட் தம் ஊராகிய டேற்றனுக்குத் திரும்பிச் சென்று, வில்லுருக்கினால் புதிய தண்டுகள் செய்து கொணர்ந்தார். அதன் பின்னரே டிசம்பர் 17ஆம் நாள் மனிதன் பறந்தான்.

இரும்போடு இரும்பாக இயந்திரத்தை முடுக்கிவிடும் வழக்கத்தை மோட்டார் வண்டியில் பெருமளவுக்கு மாற்றியது 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் பிளிமத் வண்டியிற் புகுத்திய முறையாகும். இயந்திரத்தை இறப்பரின் மீது அமர்த்தி, அது தன் நிறை மையத்தின் வழியே செல்லும் அச்சைப் பற்றி இயல்பாக அசையுமாறு விட்டார்கள். ஆட்டத்தை அடக்காதே, ஆடவிடு. ஆனால் வெளியே விடாதே என்பதே அதன் தத்துவம்.

ஏணை சொல்லும் பாடம்

"அப்படியானால் எந்த இறப்பரும் போதுந்தானே?" என்று அம்மையார் வினவினார். அங்கேதான் சூட்சுமம் உள்ளது. பிள்ளையை ஏணையில் இட்டு ஆட்டிய எந்தத் தாய்க்கும் இது தெரியும். ஏணைக்கு அதற்கே உரிய ஒரு தாளம் உண்டு. அத்தாளத்துக்கு இசைய விரல் நுனியால் தள்ளினாற்கூட அது வீச்சாக ஆடும். தாளத்தைவிட மிக விரைவாக அடுத்தடுத்துத் தள்ளினாலோ, ஏணை நின்ற இடத்திலேயே சிறிது துடிக்குமேயன்றி ஆடாது. முன்னையதைப் பரிவு என்றும், ஏணையின் சொந்தத் தாளத்தை இயற்கை மீடிறன் என்றும் எமது பாடநூல்கள் கூறும்.

இறப்பர் மீது அமர்ந்த இயந்திரமும் ஓர் ஏணையே. இயந்திரத்தின் துடிப்பு அந்த இயற்கை மீடிறனுக்குச் சமமானால் நடுக்கம் பன்மடங்கு பெருகும். துடிப்பு அதைப்போல் 1.4 மடங்கைத் தாண்டிய பின்னரே இறப்பர் பயன்தரத் தொடங்கும். மூன்று மடங்கானால், எட்டில் ஒரு பங்கு நடுக்கம் மட்டுமே உடலுக்குள் இறங்கும். பஸ் வண்டி நின்றபோது எமது சாளரம் நடுங்கியதும், புறப்பட்டபோது ஓய்ந்ததும் இக்காரணத்தாலேயே. மெதுவோட்டத்தின் துடிப்பு கண்ணாடியின் தாளத்தோடு இசைந்தது. வேகம் கூடியதும் அதனைக் கடந்துவிட்டது. முச்சக்கர வண்டியை நிறுத்தும்போது கடைசியாக ஒரு முறை உடல் குலுங்குவதும் அந்தத் தாளத்தை இயந்திரம் இறங்குமுகமாகக் கடக்கும் கணத்தில்தான்.

லொறியா, முச்சக்கர வண்டியா?

இனிக் கணக்கிற்கு வருவோம். இயந்திரத்தை வைத்ததும் இறப்பர் எத்தனை மில்லிமீற்றர் அமிழ்கிறதென்று அளந்து, அதன் வர்க்கமூலத்தினால் 15.8ஐ வகுத்தால், செக்கனுக்கு எத்தனை முறை ஆடுமென்பது ஏறத்தாழக் கிடைக்கும். இறப்பர் அசையும்போது சற்று விறைப்பாகிவிடும் ஆதலால், உண்மையான மீடிறன் இதனிலும் சிறிது கூடும்.

மாணவர் பூட்டவிருந்தது ரொட்டாக்ஸ் 912 வகை இயந்திரம். விசிறியுடன் சேர்த்து ஏறத்தாழ 60 கிலோகிராம் என்று கொண்டோம். இயந்திரம் நிமிடத்திற்கு 5,500 முறை சுழலும்போது, 2.43க்கு 1 என்ற பற்சில்லுக் குறைப்பினால் விசிறி 2,260 முறை சுழலும். அதாவது செக்கனுக்கு 38 முறை.

பெரும்பாரத்திற்கெனச் செய்த லொறி மவுண்டிங் இந்த இலேசான இயந்திரத்தின் கீழ் அமிழவே அமிழாது. 0.15 மில்லிமீற்றர் அமிழ்ந்ததென வைத்துக்கொண்டால், இயற்கை மீடிறன் 41 ஆகிறது. விசிறியின் 38 அதன் பக்கத்து வீட்டில் இருக்கிறது! மேலேறும் வேளையில், இயந்திரம் முழு வலுவோடு உழைக்கும்போதே, விசிறியின் சிறு நிறைக்கோணலும் பெருங் குலுக்கமாக மாறும். இயந்திரத்தின் சுழற்சியும் நிமிடத்திற்கு 3,450ஐக் கடக்கும்வரை நடுக்கம் குறைவதற்குப் பதில் கூடியேயிருக்கும். இறப்பரே போடாமல் இறுக்கியிருந்தால் இதனிலும் நன்றாக இருந்திருக்கும்.

முச்சக்கர வண்டியின் சிறிய துண்டுகளோ இதற்கு நேர்மாறு. 8 மில்லிமீற்றர் அமிழ்ந்தால் மீடிறன் 6க்கும் கீழே போய்விடும்; நடுக்கம் என்னவோ அருமையாக அடங்கும். ஆனால், விமானம் தெருவில் ஓடுவதன்று. சடுதியாகத் திரும்பும்போதும் காற்றின் அலைக்கழிப்பிலும் எல்லாப் பொருள்களின் பாரமும் பெருகும். பொது வகைச் சிறு விமானங்களுக்கு வழக்கமாக எடுக்கப்படும் எல்லை 3.8 மடங்கு. 60 கிலோகிராம் இயந்திரம் அப்போது 228 கிலோகிராம் போல இழுக்கும். ஒன்றரை மடங்கு பாதுகாப்பையும் சேர்த்தால், தாங்கிகள் 342 கிலோகிராமைத் தாங்கவேண்டும். 8 மில்லிமீற்றர் அமிழ்ந்த இறப்பர், 3.8 மடங்கில் 30 மில்லிமீற்றர் அமிழ முயலும். அதற்கு இடமேது? இறப்பர் கிழியும், அன்றேல் இரும்பும் இரும்பும் மோதும். எரிபொருட் குழாயும், புகைக்குழாயும், வேகக் கம்பியும் இழுபடும்.

இவ்விரண்டிற்கும் நடுவே, ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் அமிழும் தாங்கி கிடைத்தால் மீடிறன் 13. பறக்கும் வேகத்தில் விசிறியின் ஆட்டத்தில் எட்டிலொரு பங்கும், இயந்திரச் சுழற்சியின் ஆட்டத்தில் ஐம்பதிலொரு பங்கும் மட்டுமே கணக்கின்படி உள்ளே நுழையும். மெதுவோட்டத்தில் விசிறியின் சுழற்சி அந்த 13ஐ நெருங்கும் என்பது மெய்யே. ஆனால் அவ்வேகத்தில் நிறைக்கோணல் எழுப்பும் விசை பறக்கும் வேகத்திலுள்ளதன் பத்திலொரு பங்குதான். மெதுவோட்டத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் அதுவும் தீரும்.

சாய்த்து வைக்கும் வித்தை

மவுண்டிங்கின் மென்மையைப் போலவே அதனைப் பூட்டும் கோணமும் முக்கியம். விமான இயந்திரங்களைப் பெரும்பாலும் பின்புறத்தில் மட்டுமே பிடித்து வைப்பார்கள். நிறை மையமோ அதற்கு வெகு முன்னால் இருக்கும். நீட்டிய கையில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்தவர் கை தளர்வது போல, இறப்பர் மென்மையாயின் மூக்குத் தொங்கிவிடும். இதற்கு ஒரு நூதன வழி கண்டார்கள். நான்கு ஆணிகளையும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வையாமல், அவற்றின் கோடுகள் யாவும் முன்னே நீண்டு நிறை மையத்தருகே சந்திக்குமாறு சாய்த்தார்கள். டைனபோக்கல் என்பது இம்முறையின் பெயர். லைகோமிங் இயந்திரங்களில் இது இரு வகைப்படும்; ஒன்றிற் சாய்வு 30 பாகை, மற்றதில் 18 பாகை. இயந்திரம் முறுகும் திசையில் தாராளமாக அசையலாம். தொங்கும் திசையில் அசைய முடியாது. ஒரு திசையில் விட்டும் மறு திசையில் பிடித்தும் வைக்கும் இவ்வொழுங்கைப் பிள்ளை வளர்ப்போர் எளிதில் புரிந்துகொள்வர். பழைய கூம்பு வடிவத் தாங்கிகளில் ஆணிகள் சமாந்தரமாகவே இருக்கும். செய்வது எளிது, செலவும் குறைவு, நடுக்கத்தை அடக்கும் ஆற்றலும் குறைவு.

தொண்ணூற்றேழு உயிர்கள்

மாணவர் முகத்தில் ஐயம் தெரிந்தது. "இவ்வளவு கணக்குப் பார்க்கவேண்டுமா, சேர்? சற்றுக் கூடக்குறைய இருந்தால் என்ன?" என்றார். நாம் அவருக்கு ஒரு பழைய செய்தியைக் கூறினோம்.

லொக்கீட் எலெக்றா என்பது நான்கு இயந்திரங்கள் கொண்ட பயணிகள் விமானம். 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் அவற்றுளொன்று இறக்கை முறிந்து வீழ்ந்தது. 34 பேர் மாண்டனர். ஆறு மாதமும் கழியவில்லை. 1960 மார்ச் 17ஆம் நாள் இந்தியானா மாநிலத்தில் மற்றொன்று அவ்வாறே வீழ்ந்தது. 63 பேர் மாண்டனர். பொறியியலாளர் ஆராய்ந்து கண்ட காரணம் இதுவே: வெளிப்புற இயந்திரத்தைத் தாங்கும் அமைப்பின் விறைப்புக் குறைந்திருந்தால், சுழலும் விசிறி பம்பரம் தலைசுற்றுவது போல வட்டமிட்டு ஆடத் தொடங்கும். ஆட்டம் வளர வளர அதன் தாளம் மெதுவாகி, இறக்கையின் சொந்தத் தாளத்துடன் ஒன்றிவிடும். பின்னர் இறக்கை தாங்காது. தாங்கும் அமைப்பையும் இறக்கையையும் வலுப்படுத்தியபின் அவ்விமானம் நெடுங்காலம் நன்றாகப் பறந்தது. ஆனால் மாண்ட 97 பேர் மீளவில்லை.

எலெக்றாவின் அளவும் வேகமும் வேறு. சிறு விமானத்தின் அளவும் வேகமும் வேறு. எனினும் 'மென்மையாயிருந்தால் சுகந்தானே' என்று எண்ணுவோர்க்கு அஃதொரு நிலையான எச்சரிக்கை. மாணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாயார் அவர் தோளில் கை வைத்தார்.

எம் மண்ணின் இறப்பர்

இத்தாங்கிகளின் உயிர்நாடியாகிய இறப்பர் நமக்கு அயலானதன்று. 1876ஆம் ஆண்டு, பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளில் முளைத்த கன்றுகள் ஏறத்தாழ 1,900, இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வேரூன்றின. 1952இல் சீனத்துடன் இறப்பருக்கு அரிசி என்று உடன்படிக்கை செய்து நாட்டின் பானையை நிரப்பியதும் அதே மரத்தின் பால்தான்.

செயற்கை இறப்பர்கள் எத்தனையோ வந்துவிட்டபோதிலும், நடுக்கத்தைத் தாங்குவதில் இயற்கை இறப்பர் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. கிழியாத உறுதியும், ஓயாது அசைந்தாலும் அதிகம் சூடேறாத குணமும் அதற்குண்டு. ஆயின் எண்ணெயும், கடும் வெப்பமும், ஓசோன் வாயுவும் அதன் பகைவர். எண்ணெய் சிந்தும் இடத்திற்கு நியோப்பிறீன் ஏற்றது. புகைக்குழாயின் வெம்மை படுமிடத்திற்குச் சிலிக்கன் தாங்கும், ஆனால் எளிதிற் கிழியும். இறப்பரை அமுக்கலாம், சாய்த்து வழுக்கவும் விடலாம். இழுத்துப் பிய்க்கும் வகையில் மட்டும் பூட்டலாகாது. தகட்டிலிருந்து அது பிரிவதும் அவ்வழியாலேதான்.

நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிய விதிகள் பின்வருவன. இறப்பர் முற்றாகக் கிழிந்து போனாலும் இயந்திரம் கழன்று விழாதவாறு, பெரிய வளையத்துடன் கூடிய ஆணி ஊடாகச் சென்றிருத்தல் வேண்டும். இறப்பர் மின்னைக் கடத்தாது ஆகையால், இயந்திரத்திலிருந்து சட்டத்திற்குத் தடித்த மின்கம்பிப் பட்டையொன்று தனியே இடவேண்டும். இன்றேல் இயந்திரத்தைத் தொடக்கும் மின் வேகக் கம்பியின் வழியே பாய்ந்து அதனைத் தீய்த்துவிடும். குழாய்களும் கம்பிகளும் இயந்திரத்தோடு கூட அசைய இடம்விட்டு வளைந்திருத்தல் வேண்டும். மவுண்டிங்கை மாற்றுமுன் விசிறியின் நிறையைச் சமப்படுத்தல் வேண்டும். நோய் அங்கிருக்க மருந்தை இங்கே பூசுவதிற் பயனில்லை. மூக்குக் கூம்புக்கும் மூடுதகட்டுக்கும் இடையிலுள்ள வெளியை அடிக்கடி பார்க்கவேண்டும். கூம்பு கீழே சரிந்திருப்பின் இறப்பர் கிழடு தட்டிவிட்டதென்று பொருள்.

இரத்மலானைக் காற்று

கொழும்பில் இருந்துகொண்டு விமானம் கட்டுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். வெள்ளவத்தைக்குத் தெற்கே சில மைல் தூரத்திலுள்ள இரத்மலானையில், 1935 நவம்பர் 27ஆம் நாள் முதலில் வந்திறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்த சிறு பஸ் மொத் விமானமே. அந்தக் காற்றில் தம் கையாலேயே கட்டிய சிறு விமானங்களைப் பறக்கவிட்ட ஒருவரும் நம்மிடையே வாழ்ந்தார். றே விஜேவர்தன என்னும் அப்பெரியார் 1924இற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் பொறியியல் பயின்றவர். இரு சக்கர உழவு இயந்திரத்தை ஆக்கி உலகறியச் செய்தவர். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் விளையாட்டில் நாட்டின் சார்பிற் பாய்மரப் படகு செலுத்தியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராயும் விளங்கியவர். தாம் ஆக்கிய உழவு இயந்திரமே நம் வயலுக்கு உகந்ததா என்று பின்னாளில் தாமே வினவிய நேர்மை அவரிடம் இருந்தது. 2010இல் அவர் மறைந்தார். தன் கைவேலையைத் தானே ஐயுறும் அக்குணமே, விமானம் கட்டுவோர்க்கு வேண்டிய முதற் கருவி என்று எம் மாணவருக்குச் சொன்னோம்.

அன்று மாலை அவர் எட்டுத் துண்டுகளையும் மீண்டும் பையில் இட்டார். இயந்திரம் செய்தோர் குறித்துள்ள நிறைக்கும் வேகத்திற்கும் பொருந்திய விமானத் தாங்கிகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றும், சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் அனுமதியின்றித் தரையை விட்டு எழுவதில்லையென்றும் தாயாரிடம் வாக்களித்தார். பணம் சேர மாதங்கள் பல ஆயின.

சென்ற மாதம் எம்மை அழைத்துச் சென்று காட்டினார். தூணில் கட்டிய விமானத்தின் இயந்திரம் தொடங்கியது. ஒரு கணம் குலுங்கிற்று. பின்னர் விசிறி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. ஆசனத்தின் மீது நீர் நிறைந்த கோப்பை ஒன்றை வைத்திருந்தார். வேகம் கூடக் கூட, நீரின் மேற்பரப்பிலிருந்த அலைகள் சுருங்கி, ஓர் அமைதி பரவிற்று.

"இனி நடுங்காதா, சேர்?" என்று அம்மையார் இரைச்சலினூடே உரக்கக் கேட்டார்.

"இயந்திரம் நடுங்கத்தான் செய்யும், அம்மா. உங்கள் பிள்ளை இருக்கும் இடத்திற்கு அந்த நடுக்கம் வராமல் இறப்பர் காத்துக்கொள்ளும். அந்த இறப்பரை இவர் காத்துக்கொள்ள வேண்டும்," என்றோம்.

அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து, நான்கு தாங்கிகளையும் ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பரிசோதகர் எவரும் அத்துணைக் கவனமாகப் பார்த்திருக்கமாட்டார்.